உடல் ரியாக்ட், கரை வியூ, முந்தி ஆங்குலர்

உதயகுமாருக்கு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் தொட வராது. செருப்பு வாங்கப் போனால் காந்தி ரோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாக் கடையிலும் ஒரு காலுக்கு மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய செருப்போடு வீட்டுக்கு வருவான். பத்தாவது முடித்த வருஷம் எந்த குரூப் நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததில் பள்ளியில் இடமெல்லாம் நிரம்பி, மிச்சம் இருந்த ஒன்றில் உட்கார வைத்தார்கள். அது கம்ப்யூட்டர் சயின்ஸ். சின்ன வயதிலிருந்தே தனக்கு அதில்தான் ஆசை என்று பின்னாளில் எல்லாரிடமும் சொன்னான்.

அப்பாவும் சித்தப்பாவும் பட்டுத் தறியில் இருக்கிறார்கள். கையில் எப்போதும் வேலை இருக்கிறது, கல்யாண மாதங்களில் பேசக்கூட நேரம் கிடையாது. இவன் சென்னையில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் சின்ன கம்பெனி ஒன்று வைத்தான். மொத்தம் மூன்று பேர். உதயகுமார், சங்கீதா, இளங்கோவன். வலைப்பக்கத்தில் நாம் பார்க்கிற, விரலால் தொடுகிற பகுதியைச் செய்து கொடுப்பது அவர்கள் தொழில்.

அந்த வேலையை ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஆயத்தமான சட்டகங்கள் இருக்கின்றன. ரியாக்ட், வியூ, ஆங்குலர் என்று பெயர்கள். ரியாக்ட்டில் எதை எங்கே வைப்பது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். ஆங்குலரில் முக்கால்வாசி முடிவை அவர்களே எடுத்து வைத்திருப்பார்கள், நீ ஒழுங்காக உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். வியூ இரண்டுக்கும் நடுவில், புதிதாக வருகிறவருக்குச் சீக்கிரம் பிடிபடும். மூன்றிலும் நல்ல பக்கம் செய்யலாம், மூன்றிலும் கேவலமாகவும் செய்யலாம். இவ்வளவுதான் விஷயம். இதை உதயகுமார் பெரிய வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மை மாற்றி எழுதியிருந்தான். பலகையில் இடம் போதாமல் பக்கத்துச் சுவருக்கும் கொஞ்சம் பரவியிருந்தது. வாடிக்கையாளர் யார் வந்தாலும் அந்தப் பலகையைத்தான் முதலில் காட்டுவான். பாதிப் பேர் அதைப் பார்த்தே எழுந்து போய்விடுவார்கள்.

போகாதவர் கைலாசம். பட்டுப்புடவைக் கடைக்காரர், ஐயம்பேட்டைப் பக்கம் பல தறிகளுக்கு வேலை கொடுக்கிறவர். கல்யாண வீட்டார் போனிலேயே உடல், கரை, முந்தி மூன்றுக்கும் நிறம் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுக்க ஒரு பக்கம் வேண்டும் என்றார்.

அதுவரை அவர் கடையில் வேறு வழக்கம் இருந்தது. நிறத்தின் பெயரை யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அரக்கு என்றால் ஆளுக்கு ஒரு அரக்கு. அதனால் வாடிக்கையாளர் கை வைத்த மூன்று நிறத்திலும் ஒவ்வொரு பட்டிழை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சு சாயக்காரரிடம் போகும், தறிக்கு நீளவாட்டு நூலான பாவு ஓடுகிறவரிடம் போகும், கடைசியில் தறியில் தொங்கும். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரே முடிச்சைத்தான் பார்க்க வேண்டும்.

"இனிமே இந்த நூல் முடியற வேலையே வேணாம், மாமா. ஸ்கிரீன்ல இருக்கறதுதான் தறியில இருக்கும்" என்றான் உதயகுமார்.

கைலாசத்துக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. கடை வாசலில் போர்டாகவே எழுதி மாட்டிவிட்டார்.

வேலை தொடங்கவில்லை.

"அண்ணா, கைலாசம் மாமா திரும்பியும் போன் பண்ணாரு. எதுலதான் பண்ணப் போறோம்?" என்று கேட்டாள் சங்கீதா. அவளுக்கு வியூ நன்றாகத் தெரியும். அதைவிட, உதயகுமாரை நன்றாகத் தெரியும்.

"கம்பேர் பண்ணிக்கினு இருக்கேன்மா."

"பொங்கல்லருந்து கம்பேர் பண்ணிக்கினுதான் இருக்கீங்க. அதுக்குள்ள மூணுத்துலயும் புது வெர்ஷன் வந்துடுச்சு."

"அதான் பிரச்சனையே. இப்ப மறுபடியும் முதல்லருந்து பார்க்கணும்."

இளங்கோவன் தலை நிமிரவில்லை. பெரிய கம்பெனி ஒன்றில் பல காலம் ஆங்குலரில் எழுதியவன், வியூவும் பழகி வைத்திருந்தான். "எதுல வேணா பண்ணுங்கபா. சீக்கிரம் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னான். அவன் ஒரு நாளைக்குப் பேசுவது அவ்வளவுதான்.

அன்று மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது உதயகுமாருக்கு ஞானம் பிறந்தது. தறியில் அப்பா கோர்வை போட்டுக்கொண்டிருந்தார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டு இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போகும். முந்தி வேறு நிறம், அதைத் தனியாகப் பிணைப்பார்கள். புடவை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். அப்படியென்றால் பக்கத்தையும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது? உடல் ரியாக்ட், கரை வியூ, முந்தி ஆங்குலர். எதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. யார் மனமும் நோகாது, முக்கியமாக அவன் மனம்.

வேறு ஊர்க்காரன் எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வந்திருந்தாலும் வெளியே சொல்ல வெட்கப்பட்டிருப்பான். உதயகுமார் இதற்குக் 'கோர்வைக் கட்டமைப்பு' என்று பெயரே வைத்தான். கோர்வை என்பது ஒரே தறியில், ஒரே அச்சில், ஒரே ஆளின் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டான்.

"மூணு பகுதியும் தனித்தனியா ஒரு நிறத்த ஞாபகம் வச்சிக்கினு இருந்தா, எது நிஜம்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் சங்கீதா. "எல்லா நிறமும் ஒரே எடத்துல இருக்கட்டும். மத்ததெல்லாம் அங்கருந்து படிச்சிக்கட்டும்."

"ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் அனுப்பிக்குவாங்கமா. லூஸ் கப்ளிங்னு பேரு, ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா கட்டிக்காது."

"லூஸாதான் இருக்குது" என்றாள் அவள்.

ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவன் இதைப் பற்றி உரையும் நிகழ்த்தினான். தறியின் படம் வந்தபோது கைதட்டினார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "சார், மூணும் டவுன்லோட் ஆகணுமே, சாதா போன் தாங்குமா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்ல கேள்வி" என்று பாராட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான்.

பக்கம் தயாரானது. ஆபீஸ் வைஃபையில், அவனுடைய விலை உயர்ந்த போனில், தண்ணீர் மாதிரி ஓடியது. "குறைஞ்ச போன்ல, சிக்னல் இல்லாத எடத்துல ஒரு தடவ பார்த்துடலாம்ணா" என்று சங்கீதா சொன்னதற்கு, "அதெல்லாம் எட்ஜ் கேஸ், எங்கயோ ஓரத்துல எப்பவாவது வர்றது" என்றான். அந்த எட்ஜில்தான் கைலாசத்தின் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் குடியிருந்தார்கள். அவனுக்கு நிச்சயமான பெண்ணும் அங்கேதான் இருந்தாள்.

அவள் பெயர் சுகாசினி. பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரி. உதயகுமாரின் ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். இவர்கள் இருவருக்கும் முடிவெடுக்க அதிக நாள் ஆகவில்லை. காரணம், முடிவெடுத்தது சுகாசினி. இரண்டு வீடுகளுக்குத்தான் நாளாயிற்று. இவன் வீட்டில் தலைமுறையாகக் கோயிலுக்குப் பட்டு நெய்து கொடுத்தவர்கள். அவள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு காலத்தில் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜாதகம் என்றார்கள், தூரம் என்றார்கள், அவசரம் எதற்கு என்றார்கள். கடைசியில் அவன் அம்மா கலாவதியே இறங்கி வந்து, "கூறைப்புடவை எங்க செலவு, பொண்ணு மனசுக்குப் பிடிச்ச நிறத்துல" என்று முசரவாக்கம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பேச்சை நம்பித்தான் சுகாசினியின் அண்ணன் ராமராஜன் சம்மதித்தான். புடவை சரியாக வந்தால் கல்யாணம். அவ்வளவு மெல்லிய இழையில் நின்றது.

"நம்ம பேஜ்லயே ஆர்டர் பண்ணு. ஃபர்ஸ்ட் கஸ்டமர் நீதான்" என்றான் உதயகுமார்.

அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பக்கத்தைத் திறந்தாள். உடல் வந்தது. கரைக்கான பகுதி இன்னும் வந்துகொண்டிருந்தது. 'அரக்கு உடல், பச்சைக் கரை' என்று ஒரு ஜோடி இருந்தது, அதைத் தொட்டாள். படத்தில் அரக்கும் பச்சையுமாக அழகாக விழுந்தது. கொஞ்சம் பொறுத்து முந்தியும் வந்தது, அதற்கும் பச்சை தொட்டாள். அனுப்பினாள்.

நடந்தது இதுதான். அவள் ஜோடியைத் தொட்டதும் உடல் பகுதி, கரைப் பகுதிக்குப் 'பச்சை' என்று செய்தி அனுப்பியது. கரைப் பகுதி அப்போது பிறக்கவே இல்லை. பிறக்காத பிள்ளையின் காதில் விழுமா? ஆனால் படத்தை வரைவது உடல் பகுதி. தன்னிடமிருந்த பிரதியைப் பார்த்து அது பச்சையாகவே வரைந்து காட்டியது. ஆர்டரில் கரையின் நிறத்தை எழுதுவது கரைப் பகுதி. தாமதமாக வந்து சேர்ந்த அதனிடம் எந்த நிறமும் இல்லை. நிறம் சொல்லாமல் விட்ட பெட்டிக்கு ப்ரௌசர் தானாகக் கறுப்பைப் போட்டுவிடும். இதில் ரியாக்ட்டின் தப்பு ஒன்றுமில்லை, வியூவின் தப்பும் இல்லை. ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் எழுதி வைக்கச் சொன்னவனின் தப்பு.

ஐயம்பேட்டையில் ஜெயக்குமாரின் தறிக்கு ஆர்டர் போனது. அவன் கைலாசத்தின் நெசவாளர்களில் ஒருவன். பார்த்ததும் வலைப்பக்கத்தில் இருந்த உதவிப் பெட்டியில், 'முகூர்த்தப் புடவைக்குக் கரை கறுப்பு போட்டுருக்குது. சரியா?' என்று கேட்டான். அந்தப் பெட்டிக்கு வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவன் உதயகுமார். அவன் அப்போது புதிதாகக் கேள்விப்பட்ட ஸ்வெல்ட் என்ற இன்னொரு சட்டகத்தைப் பலகையில் சேர்க்க இடம் தேடிக்கொண்டிருந்தான். எந்த ஆர்டர், யாருடையது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. 'சிஸ்டத்தில் இருப்பதுதான் சரி' என்று பதில் போட்டுவிட்டு மை பேனாவைத் தேடினான்.

ஜெயக்குமாரும் அதோடு விட்டுவிட்டான். இந்தக் காலத்துப் பெண்கள் என்னென்னவோ கேட்கிறார்கள்.

ஆடி பிறந்து, புடவை கடைக்கு வந்தது. கலாவதி, உதயகுமார், சுகாசினி, ராமராஜன் நால்வரும் போனார்கள். மெத்தையில் விரித்த வெள்ளைத் துணியின் மேல் கைலாசமே தன் கையால் புடவையைப் பிரித்தார். முந்திதான் முதலில் வந்தது, நல்ல பச்சை. கலாவதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த மடிப்பு விரிந்தது. அரக்கு உடலின் இரு பக்கமும் அட்டைக்கறுப்பில் கரை, அதில் ஜரிகை வேறு பளபளத்தது.

கல்யாணப் புடவையில் கறுப்பு என்றால் என்ன என்பதை அந்தக் கடையில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"இது யாரு ஐடியா?" என்றான் ராமராஜன்.

"சிஸ்டம்ல அப்படித்தான் வந்துது. ஸ்கிரீன்ல இருக்கறதுதான் தறியில இருக்கும்" என்றார் கைலாசம். தன் போர்டை அவர் அவ்வளவு நம்பினார்.

"எங்க வூட்டுக்குன்னா இது போதும்னு போட்டுட்டீங்களா?"

"ஐயோ, அப்படிலாம் இல்லப்பா!" கலாவதி புடவையை அவசரமாக மடிக்கப் பார்த்தாள். "டேய், சொல்லேன்டா!"

உதயகுமார் சொல்லத் தொடங்கினான். "இல்ல மச்சான், டெக்னிக்கலா பார்த்தா இது ஒரு டைமிங் இஷ்யூ. வியூ மவுன்ட் ஆகறதுக்கு முன்னாடி ரியாக்ட்லருந்து ஈவென்ட் போயிருக்குது. ஆங்குலர் சைடு பார்த்தீங்கன்னா பெர்ஃபெக்டா..."

"மாப்ள, நான் பஸ் பாடி கட்டறவன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பச்ச எங்க?"

சுகாசினி தன் போனை எடுத்து, இணையத்தை மெதுவான வேகத்துக்கு மாற்றிவிட்டு, அதே பக்கத்தைத் திறந்தாள். அதே ஜோடியைத் தொட்டாள். முந்திக்கும் பச்சை. எல்லாருக்கும் படத்தைக் காட்டினாள். பச்சைக் கரை. அனுப்பிவிட்டு, கைலாசத்தின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைத் திருப்பினாள். கறுப்பு.

"ஒரே ரத்தம், ரெண்டு ட்யூபு, மேல ரெண்டு வேற பேரு" என்றாள். "எங்க லேப்ல இப்படிப் பண்ணா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ராமராஜன் மெதுவாகத் தங்கையிடம் கேட்டான். "அப்ப வேணும்னு பண்ணலையா?"

"வேணும்னு பண்றதுக்கு இவருக்கு எங்க நேரம்?" என்றாள் அவள். "பலகைல கலர் அடிக்கவே சரியாருக்குது."

பக்கத்துக் குடும்பம் மறுபடி நெருங்கி உட்கார்ந்தது. இது துக்கம் இல்லை, வேடிக்கைதான் என்று தெரிந்துவிட்டது.

சுகாசினி எழுந்தாள். "ஆவணி கடைசிலதான் முகூர்த்தம். அதே பஸ்ல, இதே போன்ல, திரும்பியும் ஆர்டர் பண்ணுவேன். பச்ச வந்தா கட்டிக்கறேன். இன்னொரு கறுப்பு வந்தா நீங்களே கட்டிக்குங்க." கட்டிக்கொள்வது புடவையையா தன்னையா என்று அவள் விளக்கவில்லை. ராமராஜன் முகத்தைப் பார்த்தால் கேட்கவும் தைரியம் வராது.

மாடிக்கு வந்ததும் உதயகுமார் முதலில் செய்த காரியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்றில் எந்த இரண்டைக் கழற்றிப் போடுவது என்று பலகையில் புதிதாகக் கட்டம் போட ஆரம்பித்தான்.

சங்கீதா பேனாவைப் பிடுங்கினாள். "அண்ணா, இங்க எத்தினி பேருக்கு ரியாக்ட் தெரியும்?"

"எனக்கு."

"வியூ?"

"உனக்கும் இளங்கோவுக்கும். ஆனா ரியாக்ட்டோட எக்கோசிஸ்டம்..."

"நாளைக்குக் கல்யாணத்துக்கு லீவு போட்டு நீங்க போயிட்டா, எவன் வந்து அந்த எக்கோசிஸ்டத்தப் பார்ப்பான்?"

இளங்கோவன் தலை நிமிர்ந்தான். அது அபூர்வம். "முந்திய நான் இன்னிக்கே வியூல மாத்திட்டேன்னா, நீ உடல விட்டுக் குடுப்பியா?" என்றான்.

ஆங்குலர்காரனே ஆங்குலரை விட்டுக் கொடுத்த பிறகு உதயகுமார் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். ரியாக்ட்டில் எழுதிய உடல் பகுதியை அவனே அழித்தான். அழிக்கும்போது கண் கலங்கியது. மற்ற இருவரும் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

மூன்று நிறமும் ஒரே இடத்துக்கு வந்தன. படமும் அங்கிருந்தே படித்தது, ஆர்டரும் அங்கிருந்தே படித்தது. நிறம் சொல்லாத கரை இருந்தால் அனுப்பும் பொத்தானே வேலை செய்யாது, கறுப்பை நிரப்பாது. சங்கீதா தன் அம்மாவின் பழைய போனைக் கொண்டு வந்து, உதயகுமாரை மாடிப்படியில் சிக்னல் சரியாகக் கிடைக்காத மூலையில் உட்கார வைத்து, அவனையே ஒவ்வொரு நிறமாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் தொட்டான். பக்கத்தின் எடையும் இறங்கியிருந்தது, முன்பு ஆர்டர் போடுவதற்குள் பஸ்ஸே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். எந்த ஒரு சட்டகத்தை எடுத்திருந்தாலும் இந்த வேலை மாசியிலேயே முடிந்திருக்கும் என்பதை மூவரும் உணர்ந்தார்கள். இருவர் சிரித்தார்கள்.

சுகாசினி பஸ்ஸில் நின்றபடி ஆர்டர் போட்டாள். கம்ப்யூட்டரில் பச்சை வந்தது. கைலாசம் போன் செய்து நிறத்தைச் சொன்னபோது உதயகுமார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கேட்டான். கறுப்புக் கரைப் புடவையை அவர் கண்ணாடிப் பெட்டியில் 'புது டிசைன்' என்று வைத்திருப்பதாகவும், சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா பிறந்தநாளுக்கென்று எடுத்துப் போய்விட்டதாகவும், அதே மாதிரி இன்னொன்று கேட்பதாகவும் சொல்லி, பழைய தப்பைத் திரும்பச் செய்ய ஒரு பொத்தான் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

முகூர்த்தத்தன்று சுகாசினி கூறைப்புடவையில் வந்து மணையில் உட்கார்ந்தாள். அரக்கு உடல், பச்சைக் கரை, பச்சை முந்தி. கலாவதி எல்லாருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டாள். ராமராஜன் முதல் தடவையாக மாப்பிள்ளையின் தோளில் கை போட்டான். உதயகுமாரின் மனதில் ஏனாத்தூரில் அடுத்துப் பேசப் போகிற உரையின் தலைப்பு ஓடியது. 'ஒரு பக்கம் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றிய கதை.'

அப்போதுதான் முந்தியின் உள்பக்க ஓரத்தில் ஏதோ தொங்குவது கண்ணில் பட்டது. தொட்டுப் பார்த்தான். ஒரு அரக்கு இழை, இரண்டு பச்சை இழை, மூன்றும் சேர்ந்து ஒரு முடிச்சு.

"இது இன்னா?" என்றான் மெல்ல.

"ஆர்டர் போட்டுட்டு, அன்னிக்கே ஷேர் ஆட்டோ புடிச்சு ஐயம்பேட்ட போயி இந்த முடிச்ச ஜெயக்குமார் அண்ணன் கையில குடுத்துட்டு வந்தேன். அவரு இதப் பார்த்துதான் நெய்தாரு."

"அப்ப பேஜ்?"

"அதுவும் சரியாத்தான் வந்துச்சாமே. ஆனா அவரு தெறந்து பார்க்கலையாம்."

உதயகுமாருக்குத் தலைப்பு போய்விட்டது. முடிச்சை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான். பிறகு அவனால் அடக்க முடியவில்லை. "அப்ப நிறத்த ரெண்டு எடத்துல வச்சிருக்கிற. அது தப்பாச்சே. ஒரே எடத்துலதான் இருக்கணும்."

"இருந்துச்சே" என்றாள் சுகாசினி. "நான் முடிச்சுப் போட்ட எடத்துல." ஐயர் நிமிர்ந்து பார்த்ததும் கையைக் கூப்பிக்கொண்டாள். "உம்மேல நம்பிக்க இருக்குதுபா. உன் பலகை மேலதான் இல்ல. தாலிய எடு, எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."

தாம்பாளத்தில் எல்லாருடைய கையும் பட்டுச் சுற்றி வந்திருந்த தாலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லாததால் உதயகுமார் அதை உடனே எடுத்துக் கட்டினான்.